புரூக்மானின் எரியாத வீடு

முப்பத்தொன்பது வருட ஜேர்மனி வாழ்க்கையில் ஜெயமலரின் பெயரைப் பிழையில்லாமல் அச்சடித்த முதல் ஆள் கெஸ்லர்தான். ஜெயமலர் அருளப்பு. ஒரு எழுத்துக்கூட விழவில்லை. அந்தப் பெயருக்கு மேலே அவர் அச்சடித்திருந்த வசனத்தைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

கெஸ்லர் ஓய்வுபெற்ற புவியியல் வாத்தியார். ஊர் வரலாற்றுச் சங்கத்தின் தலைவர். ஊர் என்றால், பான் நகரத்திலிருந்து ரைன் ஆற்றோரமாக ரயிலில் முக்கால் மணி நேரம் போய், பிறகு பஸ்ஸில் மலை ஏறினால் வருகிற ஒரு நீளத் தெரு, இரண்டு தேவாலயங்கள், ஒரு பெற்றோல் நிலையம். அந்த ஊரை விட்டு முந்நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவுக்குப் போன யோஹான் புரூக்மான் என்பவனின் வழிவந்தவர்கள் இருபத்தாறு பேர் ஜூன் மாதம் வருகிறார்கள். அதற்குள் தெருவில் ஒரு பலகை நாட்ட வேண்டும். பலகையின் வாசகத்தைக் கெஸ்லர் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்.

'பிரெஞ்சுப் படைகள் அவரது வீட்டை எரித்தன. அனைத்தையும் இழந்த அவர் 1709இல் புதிய உலகை நோக்கிப் புறப்பட்டார்.' அதற்குக் கீழே சிறிய எழுத்தில், 'ஆவணங்களைப் படித்தவர்: ஜெயமலர் அருளப்பு.'

அவள் அதை முதியோர் இல்லத்துச் சமையலறையின் பின்வாசலில் நின்று கைபேசியில் படித்தாள். உள்ளே எழுபது பேருக்கான உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. படித்த ஆவணங்களில் எதிலுமே வீடு எரிந்ததாக இல்லை. அதை அவள் இரண்டு மாதத்துக்கு முன்னரே, பக்க எண் போட்டு, கெஸ்லருக்கு எழுதிக் கொடுத்திருந்தாள்.

ஜெயமலருக்கு அறுபத்தொரு வயது. இருபத்தெட்டு வருடமாக அதே சமையலறை. பழைய ஜேர்மன் கையெழுத்தை அவள் படிக்கத் தொடங்கியது ஒரு ஆச்சரியத்தால். இல்லத்தின் மேல்மாடியைத் துப்புரவாக்கியபோது ஒரு பெட்டி நிறைய பழைய கடிதங்கள் வந்தன. தாதிமார் கூடிநின்று பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. கம்பிவேலி போலச் சாய்ந்து சாய்ந்து ஓடுகிற எழுத்து. சொந்த நாட்டில், சொந்தப் பாஷையில், நூறு வருடத்துக்கு முந்தைய கடிதத்தை இவர்களால் படிக்க முடியாதா என்று அவள் வாயைப் பிளந்தாள். தன்னால் படிக்க முடியாத தாளை அவளால் அப்படியே விட்டுவிட முடியாது. அதற்குக் காரணம் இருந்தது. அடுத்த ஞாயிறு பழைய பொருள் சந்தையில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை வாங்கினாள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் எழுத்துப் பழகிய கொப்பி. அதைப் பார்த்து, மேசையில் கோடு கீறி, பிள்ளையைப் போலவே எழுதி எழுதிப் பழகினாள். இரண்டு குளிர்காலம் போனது.

அவளுடைய முறை மிகவும் மெதுவானது. ஒரு பக்கத்தை மூன்று முறை, மூன்று வேறு நாட்களில் படிப்பாள். முதல் இரண்டும் மேலிருந்து கீழே. மூன்றாவது கடைசி வரியிலிருந்து மேல் நோக்கி. அப்படிப் படித்தால் கதை ஓடாது. கதை ஓடாவிட்டால் கண் தானாக எதையும் இட்டுக்கட்டாது. தெரியாத எழுத்துக்குப் புள்ளி வைப்பாளே தவிர ஊகித்து எழுதமாட்டாள். சங்கத்தில் சிலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் தேவாலயப் பதிவேடோ வரிப் பட்டியலோ கையில் கிடைத்தால் அவளிடம்தான் கொண்டுவந்தார்கள்.

புரூக்மானை அவள் கண்டுபிடித்ததும் அப்படித்தான். வீட்டு அடுப்புகளை எண்ணி அறவிட்ட 1708ஆம் ஆண்டு அடுப்பு வரிப் பட்டியலில் அவன் வீடு இருந்தது: ஒரு அடுப்பு, செலுத்தப்பட்டது. 1709 சித்திரையில் வீடு, களஞ்சியம், தோட்டம் மூன்றையும் மச்சானுக்கு விற்ற பத்திரம் இருந்தது. 'கூரை சென்ற ஆண்டு புதிதாக வேயப்பட்டது' என்று பத்திரம் எழுதியவர் சிரத்தையாகக் குறித்திருந்தார். அதே மாதம் சீர்திருத்த சபைப் போதகர் பதிவேட்டின் ஓரத்தில், 'புரூக்மான், மனைவி, மூன்று பிள்ளைகள், சொல்லாமல் போய்விட்டார்கள்' என்று எரிச்சலோடு கிறுக்கியிருந்தார். இதெல்லாம் போதாதென்று, அந்த வீடே இன்னும் தெருவில் நிற்கிறது. இப்போது அது முடிதிருத்தும் கடை. வாசலுக்கு மேலே உள்ள ஓக் மரச் சட்டத்தில், கட்டியவன் பெயரோடு, விரல் நீள இலக்கத்தில் செதுக்கியிருக்கிறது: 1684.

பிறகு எரிந்த கதை எங்கிருந்து வந்தது? லண்டனிலிருந்து. அங்கே புரூக்மான் பெயரில் எழுதப்பட்ட ஒரு உதவி மனுவின் நகலை அமெரிக்கக் குடும்பத்தார் கெஸ்லருக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் அவன் தன்னை ஃபால்ஸ் நாட்டவன் என்றும், பிரெஞ்சுக்காரர் தன் வீட்டை எரித்தார்கள் என்றும் சொல்லியிருந்தான். இரண்டும் பொய். ஃபால்ஸ் நாடு தெற்கே வெகுதூரம். பிரெஞ்சுப் படை எரித்தது அங்கேதான்.

அந்த மனுவைப் படித்த அன்று ஜெயமலர் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் அவன் அப்படிச் சொன்னான் என்று அவளுக்கு ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வருடம் பதின்மூவாயிரம் பேர் ரைன் ஆற்றோடு இறங்கி, ரொட்டர்டாமில் கப்பலேறி, லண்டன் வெளியில் கூடாரங்களில் போய்க் கிடந்தார்கள். எல்லாரையும் ஓடவைத்தது போர்தான், ஆனால் எல்லாருடைய வீட்டையும் போர் எரிக்கவில்லை. சிலரைப் படைகளுக்குக் கட்டாயமாகக் கொடுத்த தீனியும் வைக்கோலும் தின்றன. சிலரைப் போர்வரி தின்றது. மிச்சத்தை, பறக்கிற குருவி விறைத்து விழுந்த அந்தப் பனிக்காலம் முடித்துவைத்தது. ஆனால் லண்டன் மக்களின் இரக்கம் ஃபால்ஸ் நாட்டுக்காரருக்கு, எரிந்த வீட்டுக்காரருக்கு, அதுவும் புரட்டஸ்தாந்தருக்குத்தான். கத்தோலிக்கரைத் திருப்பி அனுப்பினார்கள். அதனால் எந்த நாட்டிலிருந்து வந்தவனும் ஃபால்ஸ்காரன் ஆனான்.

அவர்களில் மூவாயிரம் பேரை நியூயோர்க் குடியேற்றத்துக்கு அனுப்பியதும் இரக்கத்தால் அல்ல. இங்கிலாந்து பிரான்சோடு போரில் இருந்தது. போர்க்கப்பலுக்குத் தார் வேண்டும். தார் விற்கிற சுவீடனும் வேறொரு போரில் மாட்டியிருந்தது. ஹட்சன் ஆற்றங்கரையில் பைன் காடு இருக்கிறது, கூடாரத்தில் சும்மா கிடக்கிற ஆட்களும் இருக்கிறார்கள் என்று ஒருவர் கணக்குப் போட்டார். திராட்சைக் கொடி கட்டியவனும் நெசவு நெய்தவனும் தார் காய்ச்சப் போனார்கள். வழியிலேயே நூற்றுக்கணக்கில் செத்தார்கள். மரம் தார் தரவில்லை. லண்டனில் ஆட்சி மாறியது, போருக்குச் செலவழிக்க மனமில்லாத ஆட்கள் வந்தார்கள், தார் வேலைக்கு உதவி நின்றது. மூன்றாம் வருடம், இனி உங்கள் பாட்டை நீங்களே பாருங்கள் என்று கைவிட்டார்கள். பனியில் காடு கடந்து, மேற்கே ஒரு பள்ளத்தாக்கில் போய்க் குடிசை போட்டு, ஜேர்மன் பெயரோடு ஊர்களை உண்டாக்கினார்கள். அந்தக் குடியேற்றத்தின் வரைபடத்தில் பாதியைக் கடலுக்கு இந்தப் பக்கம் நடந்த போர்கள்தான் கீறின.

இதையெல்லாம் பலகையில் எழுதச் சொல்லி ஜெயமலர் கேட்கவில்லை. மூன்று வசனம் கேட்டாள். 'போர்வரியும் பனியும் தாங்காமல் போனார். வீடு எரியவில்லை. எரிந்தவர்களுக்கே கதவு திறந்ததால், எரிந்தது என்று சொன்னார்.'

கெஸ்லர் அன்பானவர். அதுதான் கூடுதல் தொல்லை. கோபப்படுகிற ஆளோடு சண்டையாவது பிடிக்கலாம். மரச் சட்டத்தில் 1684 என்று இருக்கிறதே என்று அவள் கேட்டதற்கு, எரிந்த வீட்டின் நல்ல மரத்தை எடுத்துப் புது வீட்டுக்குப் போடுவது அந்தக் காலத்து வழக்கம் என்றார். விற்பனைப் பத்திரம் இருக்கிறதே என்றாள். எரிந்ததையும் விற்கலாம் என்றார். புதுக்கூரை என்று எழுதியிருக்கிறதே என்றாள். எரிந்தபிறகு போட்ட கூரையாக இருக்கலாம் அல்லவா என்றார். ஒவ்வொரு பதிலும் தனியாகப் பார்த்தால் நியாயம். மூன்றையும் சேர்த்தால் அவளுக்குத் தலை வெடித்தது.

நிர்வாகக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று பேசினாள். அவளுடைய ஜேர்மன் நல்ல ஜேர்மன். கோபம் வந்தால் மட்டும் வசனத்தின் கடைசி உடைந்து விழும். அன்று ஒவ்வொரு வசனமும் உடைந்தது. கெஸ்லர் முடியும்வரை காத்திருந்தார்.

"ஃபிராவ் அருளப்பு, அவர்கள் கடல் கடந்து வருகிறார்கள். 'உங்கள் முப்பாட்டன் பொய் சொன்னவர்' என்று தெருவில் எழுதி வரவேற்கவா?"

"பொய் என்று நான் எழுதவில்லை. ஏன் சொன்னார் என்று எழுதியிருக்கிறேன்."

"அது பலகையில் நிற்கிற விஷயமில்லை. பலகையை மக்கள் சைக்கிளில் போகும்போது படிக்கிறார்கள்."

சிரித்தார்கள். கெஸ்லரின் வசனத்துக்குச் சம்மதமானவர்களைக் கை தூக்கச் சொன்னபோது ஏழு கை எழுந்தது. ஜெயமலரின் கை மடியில் கிடந்தது. அவர்களுக்கு இது ஒரு வசனம். அவளுக்கு எரிந்த வீட்டின் கீழே இரண்டாவது முறை பெயர் போடுகிற விஷயம். அதை எப்படிச் சொல்வது?

முதல் முறை 1985 மார்கழி. கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்குக்கு மாறிவந்த இருபத்திரண்டு வயதுப் பெண் அவள். காங்கேசன்துறைப் பக்கம் ஊர். ஆமி ரோந்து வந்தது உண்மை. தம்பி அன்ரனைப் பிடித்துக்கொண்டுபோய் அடித்தது உண்மை. இருட்டியபின் கிணற்றடிக்குப் போகவும் பயந்தது உண்மை. அகதி முகாமில் இருந்த ஊர்ப் பெண்கள் இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். "பயம் எண்டு சொன்னா எழுதமாட்டாங்கள் பிள்ளை. வீடு எரிஞ்சதோ எண்டுதான் கேப்பாங்கள்" என்றாள் ஒருத்தி. ஜெயமலரின் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு எரிந்துதான் இருந்தது. அந்த நெருப்பை அவள் பார்த்தவள். அகதி விசாரணையில் அதைத் தன் வீட்டுக்கு மாற்றிச் சொன்னாள். மாமரத்து இலை கருகியதையும், தையல் மெஷின் இரும்பாய்க் கிடந்ததையும் சொன்னாள். அப்போது உண்மையாகவே அழுதாள். தன்னால் படிக்க முடியாத நாலு தாளில் கையெழுத்துப் போட்டாள். ஏற்றுக்கொண்டார்கள்.

வீட்டுக்குக் கடிதம் போட்டாள். 'சுகம். குளிர் பரவாயில்லை.' வழக்கில் சொன்னதை எவரும் கடிதத்தில் எழுதுவதில்லை. ஊரில் தபாலை உடைத்துப் பார்ப்பார்கள். மூன்று வருடம் கழித்து அன்ரன் வந்து சேர்ந்தான். அவனை ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு முகாமில் போட்டார்கள். முகாம் டெலிபோனில் இதைப் பேசவும் அவளுக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை நேரே போய்ச் சொல்லலாம் என்றிருந்தாள். வெள்ளிக்கிழமையே அவனை விசாரித்துவிட்டார்கள்.

அன்ரன் உள்ளதைச் சொன்னான். இரண்டு முறை பிடித்ததை, தலைகீழாகத் தூக்கியதை, முதுகுத் தழும்பை. வீட்டைப் பற்றிக் கேட்டபோது, வீடு நன்றாக இருக்கிறது, அம்மா அதில்தான் இருக்கிறா என்றான். அதிகாரி அக்காவின் கோப்பை எடுத்துத் திறந்தார். ஒரே விலாசம். ஒன்றில் எரிந்த வீடு, மற்றதில் நிற்கிற வீடு. அக்காவை ஏற்கெனவே நம்பியாயிற்று. ஆகவே தம்பி நம்பத்தகாதவன். வீட்டில் பொய் சொன்னவன் தழும்பிலும் பொய் சொல்வான். நிராகரித்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டித்துக் கொடுக்கிற தற்காலிகத் தாளோடு, மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதியில்லாமல், அவன் ஒன்பது வருடம் கிடந்தான். அம்மா செத்ததற்கும் போகவில்லை. பிறகு ஏதோ ஒரு சட்டத்தில் வதிவிட உரிமை கிடைத்து, ஸ்டுட்கார்டிலேயே ஒரு உணவகத்தில் பிரதான சமையற்காரன் ஆனான். ஊர் வீட்டை 1990க்குப் பிறகு ஆமி தன் வலயத்துக்குள் எடுத்து, இடித்துத் தரைமட்டமாக்கியது.

"நீ முந்திச் சொல்லிவைச்சாய், அவங்கள் பிந்திச் செய்தாங்கள்" என்று அன்ரன் ஒருமுறை சொன்னான். அதற்குப் பிறகு டெலிபோனில் அவள் குரல் கேட்டால் அவன் தொடங்குகிற விதமே ஒன்றுதான்: "ஆர், வீடு எரிஞ்ச அக்காவோ?" பகிடி மாதிரித்தான் சொல்வான். முப்பது வருடமாகச் சொல்கிறான். அவள் மன்னிப்புக் கேட்டதில்லை என்றில்லை. கேட்டபோதெல்லாம் அவன் வெங்காய விலையைப் பற்றிப் பேசினான்.

கூட்டம் முடிந்த கிழமை கெஸ்லர் அச்சகத்து மாதிரியை அனுப்பி, இறுதிச் சம்மதம் கேட்டார். ஜெயமலர் அதைத் தன் முறைப்படி மூன்று நாள் படித்தாள். மூன்றாம் நாள் கீழிருந்து மேலே படித்தபோது முதலில் வந்தது அவள் பெயர். அதற்கு மேலே நெருப்பு. அந்தப் பெயரை அங்கே பார்க்க அவளுக்கு எவ்வளவு ஆசை என்பதை அவள் தனக்கே மறைக்கவில்லை. இந்தத் தெருவில் இருபத்தெட்டு வருடம் பஸ்ஸுக்கு நின்றவள். இன்னும் சிலர் அவளிடம், நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். பலகையைக் காட்டியிருக்கலாம்.

பதில் இரண்டு வரி எழுதினாள். என் பெயரை எடுத்துவிடுங்கள். காரணத்தையும் எழுதினாள்: இந்த வசனத்தின் கீழே என் பெயர் இருக்க முடியாது. கெஸ்லர் உடனே டெலிபோன் எடுத்தார். நீங்கள் செய்த வேலை பெரிய வேலை, கூச்சப்பட வேண்டாம் என்றார். கூச்சமில்லை, வசனம் பிழை என்றாள். சரி சரி, உங்கள் விருப்பத்தை மதிக்கிறோம் என்று வைத்துவிட்டார்.

ஜூன் சனிக்கிழமை. பலகை முடிதிருத்தும் கடைக்கு நேர் எதிரே, தெருவின் மறுகரையில் நின்றது. அதைவிட மோசமான இடம் கிடைத்திருக்காது. ஜெயமலர் முன்பே கொடுத்த வாக்குக்காக நூற்றைம்பது மீன் ரோல்ஸ் செய்து கொண்டுவந்திருந்தாள். சபை இசைக்குழு ஊதி முடிந்ததும் கெஸ்லர் பேசினார். அமெரிக்கர்களுக்கு நன்றி, அச்சகத்துக்கு நன்றி. கடைசியாக, "இந்த ஆவணங்களைப் படித்துத் தந்தவர் தன் பெயரே வேண்டாமென்று சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட அடக்கத்தை இன்று எங்கே காண்கிறோம்?" என்று அவளை நோக்கிக் கை நீட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். ஜெயமலர் ரோல்ஸ் தட்டோடு நின்றாள். எதிர்த்துச் செய்ததைக்கூட அவளுக்கு ஒரு நற்குணமாகப் பரிசளித்துவிட்டார்கள். தட்டைத் தூக்கி எறியத்தான் மனம் வந்தது. பக்கத்தில் நின்றவருக்கு நீட்டினாள்.

கூட்டம் கலையும்போது ஒரு அமெரிக்கப் பெண்மணி அவளிடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த ஜேர்மன் கொஞ்சம் வைத்திருந்தார். எரிந்த வீடு எங்கே இருந்தது என்று கேட்டார். ஜெயமலர் எதிர்க்கரையைக் காட்டினாள். அந்தப் பெண் கண்ணைச் சுருக்கி மரச் சட்டத்தைப் பார்த்தார், திரும்பிப் பலகையைப் பார்த்தார், மறுபடி சட்டத்தைப் பார்த்தார்.

"ஆயிரத்து அறுநூற்று எண்பத்து நான்கா?"

கெஸ்லர் பழைய மரத்தைப் பற்றித் தொடங்கினார். ஜெயமலர் இடைமறித்தாள். அவர் பேசும்போது அவள் இடைமறித்தது அதுதான் முதல் தடவை.

"அது எரியவில்லை. லண்டனில் எரிந்தது என்று சொன்னார். வாசலில் என்ன கேட்டார்களோ அதைச் சொன்னார். நானும் அப்படிச் சொல்லித்தான் இந்த நாட்டுக்குள் வந்தேன்."

அமெரிக்கப் பெண் யோசித்தார். இந்த நெருப்பைத்தான் எங்கள் வீட்டில் எல்லா விருந்திலும் சொல்வோம் என்றார். முகத்தில் ஏமாற்றம் அப்படியே தெரிந்தது. பிறகு ஒரு ரோல்ஸ் எடுத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கிப் போய்விட்டார். அவ்வளவுதான். பலகை அதே வசனத்தோடு நின்றது. அது கழற்றக்கூடிய பலகை இல்லை, கொங்கிறீற்றில் நாட்டியிருந்தார்கள்.

தட்டுகளை அடுக்கும்போது அவளுடைய கைபேசி அடித்தது. அன்ரன். மத்தியான வேலை முடிந்து, உணவகத்தின் பின்பக்கம் நின்று எடுக்கிறான்.

"ஆர், வீடு எரிஞ்ச அக்காவோ? பேர் போட்டவங்களோ?"

"இல்லை. நான்தான் வேண்டாம் எண்டனான்."

"ஏன், உனக்கு விசரோ? ஒரு வருசமா அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தனி."

"வீடு எரிஞ்சது எண்டு போட்டிருக்கிறாங்கள். எரியேல்லை. அதுக்குக் கீழ என்ர பேரைப் போட ஏலாது, தம்பி."

யாரோ அவனுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது. வெங்காயத்தைப் பற்றிப் பேசப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள்.

"அப்ப அந்த வீடு இப்பவும் நிக்குதோ?"

"ஓம். முன்னுக்குத்தான் நிக்கிறன். முடி வெட்டுற கடை."

"சரி. படம் எடுத்து அனுப்பு" என்றான். வைத்துவிட்டான்.

தெரு ஒடுக்கம். வீட்டு வாசலும் மேலே உள்ள சட்டமும் சேர்ந்து படத்துக்குள் வரவில்லை. ஒவ்வொரு அடியாகப் பின்னுக்குப் போனாள். எதிர்க்கரைக்கு வந்து, இன்னும் ஓரடி வைத்தபோது பலகை முதுகில் முட்டியது. அங்கிருந்து பார்த்தால் வீடு முழுதாகத் தெரிந்தது. வருடமும் தெளிவாக விழுந்தது. பலகையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு இரண்டு படம் எடுத்தாள்.